உங்கள் கம்ப்யூட்டரில் உங்களுக்கென ஒரு விக்கி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக் கொள்வது வேர்ட் பைல் ஒன்றைத் திறந்து, டைப் செய்து, சேவ் செய்வது. சில மாதங்களில் டெஸ்க்டாப் முழுவதும் பைல்கள் நிறைந்துவிடும். "கணக்கு", "கணக்கு புதியது", "கணக்கு கடைசி", "கணக்கு கடைசி 2" என ஒரே பைலுக்கு நான்கு பெயர்கள் இருக்கும். எது சரியானது என்று கேட்டால், உருவாக்கியவருக்கே தெரியாது.

இந்தச் சிக்கலுக்கு ஓர் எளிய தீர்வு உள்ளது. அதன் பெயர் விக்கி. விக்கி என்றவுடன் விக்கிப்பீடியா நினைவுக்கு வரும். அதே போன்ற ஒன்றை, சிறிய அளவில், இன்டர்நெட் இணைப்பு கூட இல்லாமல், நம் கம்ப்யூட்டரிலேயே வைத்துக் கொள்ளலாம். இதற்கான புரோகிராம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் எதனை, எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது என இங்கு பார்க்கலாம். எனக்கு இதனைக் கற்றுக் கொடுத்தது ஒரு எரிந்து போன மோட்டார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வரி மாறியதால் வந்த நஷ்டம்

என் சித்தப்பா கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்துள்ளார். எரிந்த மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலை எடுத்துவிட்டு, புதிய செம்புக் கம்பியைச் சுற்றித் தரும் வேலை. ஒவ்வொரு மோட்டாரிலும் எத்தனை ஸ்லாட், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி எந்த கேஜ் என்ற கணக்கு மிகவும் முக்கியம். இருபது ஆண்டுகளாக அவர் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒரு மழைக் காலத்தில் கூரை ஒழுகி, நோட்டின் பாதிப் பக்கங்களில் மை பரவிவிட்டது.

கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லி, நோட்டில் படிக்க முடிந்ததை எல்லாம் ஒரே வேர்ட் பைலில், நீண்ட டேபிளாக நான் டைப் செய்து கொடுத்தேன். கடையில் வேலை செய்யும் இருவரும் அதனைத் திறந்து பார்ப்பார்கள். புதிய மோட்டார் வந்தால் ஒரு வரியைச் சேர்ப்பார்கள்.

ஓராண்டு நன்றாக நடந்தது. பின்னர் ஒரு நாள், கட்டிக் கொடுத்த மோட்டார் ஒன்று மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. தென்னந்தோப்புக் கிணற்று மோட்டார். கோடைக் காலம். தோப்புக்காரர் கோபத்தில் இருந்தார். பிரித்துப் பார்த்தால், 46 சுற்று இருக்க வேண்டிய காயிலில் 40 சுற்றுதான் இருந்தது. சுற்று குறைந்தால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடாகும், எரிந்து போகும். வேர்ட் பைலைத் திறந்தோம். அதில் 40 என்றுதான் இருந்தது. யாரோ புதிய மோட்டாரின் அளவைச் சேர்க்கும்போது, பழைய வரியின் மேலேயே டைப் செய்து சேவ் செய்திருக்கிறார்கள்.

செய்தது யார்? எப்போது? இன்னும் எத்தனை வரிகள் இப்படி மாறியுள்ளன? எதற்கும் பைலில் பதில் இல்லை. சித்தப்பா தன் செலவில் மறுபடி காயில் கட்டிக் கொடுத்தார். அந்தச் செலவு கூடப் பெரிதில்லை. கடையில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். பதினைந்து ஆண்டுகளாக உடன் இருந்தவர், "என் மேல நம்பிக்கை இல்லைனா நான் போயிக்கிறேங்க அண்ணா" என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. சித்தப்பா என்னிடம், "கண்ணு, நோட்டே தேவலையாட்ட இருக்குது. அதுல அடிச்சு எழுதினா அடிச்சது தெரியும்" என்றார்.

அவர் சொன்னது சரி. அடித்தது தெரிய வேண்டும். அதைத்தான் விக்கி செய்கிறது.

விக்கி என்பது என்ன?

வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கப் புரோகிராமர், 1995 ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகின் முதல் விக்கியைத் தொடங்கினார். ஹவாய் தீவுகளில் உள்ள ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடும் பஸ்ஸின் பெயர் "விக்கி விக்கி". அந்தத் தீவுகளின் மொழியில் இதற்கு "விரைவு" என்று பொருள். அதனையே தன் புரோகிராமுக்கு அவர் பெயராக வைத்தார். 2001 ஆம் ஆண்டு ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கிய பின்னர் இந்தச் சொல் உலகம் முழுவதும் பரவியது.

விக்கியின் அடிப்படை மூன்றே விஷயங்கள்தான். முதலாவது, பிரவுசரில் படிக்கும் பக்கத்தை அங்கேயே திருத்தி சேவ் செய்திடலாம். இரண்டாவது, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்திற்கு எளிதாக லிங்க் கொடுக்கலாம். மூன்றாவது, பெரும்பாலான விக்கிகள் ஒவ்வொரு முறை சேவ் செய்திடும்போதும் பழைய பக்கத்தை அழிக்காமல் எடுத்து வைக்கும். மூன்றாவது வசதிதான் நமக்கு முக்கியம்.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

விக்கி புரோகிராம்கள் ஏராளமாக உள்ளன. பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ஒவ்வொன்றிலும் என்னென்ன வசதிகள் உள்ளன என்று எண்ணிக் கொண்டிருக்க வேண்டாம். நான் கேட்டுப் பார்த்த கேள்விகள் நான்கு. அவற்றை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

1. நான் எழுதியது எங்கே, எந்த வகைப் பைலாக உள்ளது?
2. இந்தப் புரோகிராம் நாளை இல்லாமல் போனால், எழுதியதைப் படிக்க முடியுமா?
3. பழைய பதிப்பும், மாற்றியவர் பெயரும் கிடைக்குமா?
4. இதனை இயக்க வேறு எதை எல்லாம் இன்ஸ்டால் செய்திட வேண்டும்?

முதல் இரண்டு கேள்விகளை நான் கேட்பதற்குக் காரணம் உள்ளது. பல ஆண்டுகளுக்கு முன்னர், குறிப்புகள் எழுதி வைக்க ஒரு புரோகிராம் வாங்கினேன். அழகாக இருக்கும். சில நூறு குறிப்புகள் சேர்த்தேன். அதைத் தயாரித்த நிறுவனம் அதனை நிறுத்திவிட்டது. புதிய கம்ப்யூட்டரில் அது இயங்கவில்லை. பைல் என்னிடம் இன்றும் உள்ளது. திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பூட்டு நம்முடையது, சாவி வேறு யாரிடமோ என்ற கதைதான்.

ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் என்றால், அதன் மூல வரிகள் எல்லாருக்கும் திறந்தே இருக்கும். உருவாக்கியவர் விட்டுவிட்டாலும் வேறு ஒருவர் தொடரலாம். காலம் முடிந்ததும் பணம் கேட்டு நிற்காது. இருந்தாலும், அது மட்டும் போதாது. எழுதியவை சாதாரண டெக்ஸ்ட் பைலாக இருந்தால்தான், எந்தப் புரோகிராமும் இல்லாமல் நோட்பேடில் திறந்து படிக்கலாம். இந்த இரண்டும் சேர்ந்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தக் கேள்விகளுடன் நான்கு புரோகிராம்களைப் பார்த்தேன்.

மீடியா விக்கி: விக்கிப்பீடியா இயங்குவது இதில்தான். மிகவும் திறமையானது. ஆனால் எழுதியவை டேட்டாபேஸ் ஒன்றின் உள்ளே போய்விடும். அதனை நிறுவிப் பராமரிப்பது புதியவர்களுக்குச் சுமை. நான்கு வரி எழுதி வைக்க லாரி வாங்குவது போல.

டிட்லி விக்கி: ஜெரமி ரஸ்டன் என்பவர் 2004 இல் வெளியிட்டது. முழு விக்கியும் ஒரே ஒரு எச்டிஎம்எல் பைல். பிரவுசரில் திறந்தால் போதும்; வேறு எதுவும் வேண்டாம். ஒருவர் மட்டும் எழுதும் சொந்தக் குறிப்புகளுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் சேவ் செய்வதில் கவனம் தேவை. பிரவுசர்கள் பாதுகாப்புக் கருதி, நம் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைலின் மீது நேரடியாக எழுத விடுவதில்லை. எனவே வேறு வழி எதுவும் செய்யாவிட்டால், ஒவ்வொரு சேவும் புதிய பைலாக டவுண்லோட் ஆகும். இதற்கென பயர்பாக்ஸ் பிரவுசரில் ஆட் ஆன் ஒன்று இருந்தது. 2017 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 57 உடன் அதுவும் இயங்காமல் போனது. எழுதியவை பத்திரமாகவே இருந்தன. எழுதும் வழியைத்தான் பலர் மாற்ற வேண்டியிருந்தது.

ஸிம்: பிரவுசர் இல்லாமல், தனி புரோகிராமாகவே இயங்கும் டெஸ்க்டாப் விக்கி. ஒவ்வொரு பக்கமும் ஒரு டெக்ஸ்ட் பைல். டைரி எழுத, வேலைப் பட்டியல் வைக்க மிக நன்று. ஆனால் யார் மாற்றினார்கள் என்பதைத் தானாகக் குறித்து வைக்காது.

டோக்கு விக்கி: ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கோர் 2004 இல் வெளியிட்டது. டேட்டாபேஸ் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு டெக்ஸ்ட் பைல். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், பாஸ்வேர்ட் உண்டு. பழைய பதிப்புகள் அனைத்தும் நேரத்துடனும் பெயருடனும் இருக்கும். ஜிபிஎல் 2 என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் தரப்படுகிறது. பலர் கை வைக்கும் கடைக் கணக்குக்கு இதுவே பொருத்தம் என முடிவு செய்தேன்.

நீங்கள் மட்டும் எழுதுவதாக இருந்தால் டிட்லி விக்கி அல்லது ஸிம் போதும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு, மூன்று பேர் எழுதுவார்கள் என்றால் டோக்கு விக்கியை எடுத்துக் கொள்ளுங்கள்.

டோக்கு விக்கியை இயக்குவது எப்படி?

டோக்கு விக்கி இயங்க ஒரு வெப் சர்வரும், பிஎச்பி என்ற மொழியும் தேவை. பயப்பட வேண்டாம். விண்டோஸ் பயன்படுத்துவோருக்காக இவை இரண்டையும் சேர்த்து ஒரே தொகுப்பாகத் தருகிறார்கள். பென் டிரைவிலும் எடுத்துச் செல்லலாம் என்பதால், இதற்கு "டோக்கு விக்கி ஆன் எ ஸ்டிக்" என்று பெயர்.

1. டோக்கு விக்கி டாட் ஆர்க் என்ற தளத்தில் டவுண்லோட் பக்கத்திற்குச் செல்லவும். பதிப்புகளில் "ஸ்டேபிள்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. அதே பக்கத்தில் வெப் சர்வரையும் சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில், "மைக்ரோ அப்பாச்சி" என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்தவும். இதனை மறந்துவிட்டால், வந்த பைல் உங்கள் கம்ப்யூட்டரில் தானாக இயங்காது.

3. டவுண்லோட் ஆவது சுருக்கப்பட்ட பைல். 7 ஸிப் போன்ற இலவசப் புரோகிராம் மூலம் விரிக்கவும். உள்ளே இன்னொரு சுருக்கப் பைல் இருந்தால் அதனையும் விரிக்கவும். டி டிரைவில் ஒரு போல்டரில் வைப்பது நல்லது. புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் வைக்க வேண்டாம். அங்கு எழுத விண்டோஸ் அனுமதி மறுக்கலாம்.

4. போல்டரில் "ரன்" என்ற பெயருள்ள பைலில் டபுள் கிளிக் செய்திடவும். ஒரு கறுப்பு விண்டோ திறக்கும். இதுதான் சர்வர். வேலை முடியும் வரை இதனை மூடக் கூடாது. விண்டோஸ் பயர்வால் நெட்வொர்க் அனுமதி கேட்டால் மறுத்துவிடலாம். அதே கம்ப்யூட்டரில் பயன்படுத்த அந்த அனுமதி தேவையில்லை.

5. பிரவுசரில் விக்கி திறக்கும். முதல் முறை இன்ஸ்டாலர் பக்கம் கிடைக்கும். விக்கிக்கு ஒரு பெயர் கொடுங்கள். "ஏசிஎல்" என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். யார் எதைச் செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது இதுதான். நிர்வாகியாக உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்கவும். "ஓப்பன் விக்கி", "பப்ளிக் விக்கி", "குளோஸ்டு விக்கி" என மூன்று வழிகள் கேட்கப்படும். வீட்டிற்கும் கடைக்கும் "குளோஸ்டு விக்கி" சரியானது. பெயர் கொடுத்து உள்ளே வந்தவர்கள் மட்டுமே பார்க்க முடியும்.

6. உள்ளே நுழைந்த பின்னர், "அட்மின்" பிரிவில் "யூசர் மேனேஜர்" சென்று மற்றவர்களுக்கும் தனித்தனிப் பெயர் உருவாக்கவும். ஒரே பெயரை எல்லாரும் பயன்படுத்தினால், விக்கி வைத்ததன் பாதிப் பயன் போய்விடும். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்திடும் பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள். இல்லையேல் அடுத்தவர் செய்த மாற்றம் உங்கள் பெயரில் பதிவாகும்.

முதல் பக்கம் எழுதுவோம்

பக்கத்தின் ஓரத்தில் பென்சில் படம் உள்ளது. அதில் கிளிக் செய்தால், எழுதுவதற்கான கட்டம் கிடைக்கும். சாதாரணமாக டைப் செய்யலாம். அழகுபடுத்த சில குறியீடுகள் போதும்.

தலைப்பு: இரு பக்கமும் ஆறு சமக் குறிகள். ====== 3 எச்பி மோட்டார் ======

தடித்த எழுத்து: இரு பக்கமும் இரண்டு நட்சத்திரங்கள். கவனிக்கவும்

பட்டியல்: வரியின் தொடக்கத்தில் இரண்டு இடைவெளி விட்டு ஒரு நட்சத்திரம். இடைவெளி விடாவிட்டால் பட்டியல் வராது. புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு இது.

லிங்க்: இரட்டைச் சதுர அடைப்பு. [[104|3 எச்பி, 36 ஸ்லாட் மோட்டார்]] என எழுதினால், 104 என்ற பக்கத்திற்கு லிங்க் ஏற்படும். நேர்க்கோட்டிற்குப் பின்னால் உள்ளதுதான் திரையில் தெரியும்.

டேபிள்: தலைப்பு வரிக்கு கூரைக் குறி, மற்ற வரிகளுக்கு நேர்க்கோடு. எடுத்துக்காட்டு கீழே தரப்பட்டுள்ளது.

^ விபரம் ^ அளவு ^
| ஸ்லாட் | 36 |
| காயில் பிட்ச் | 1-8 |
| சுற்று | 46 |
| கம்பி கேஜ் | 21 |

புதிய பக்கம் உருவாக்குவதற்குத் தனி மெனு தேட வேண்டாம். முதலில் லிங்க் எழுதி சேவ் செய்திடுங்கள். இன்னும் எழுதப்படாத பக்கத்தின் லிங்க் சிவப்பாகத் தெரியும். அதில் கிளிக் செய்து, பென்சிலைத் தட்டி எழுதத் தொடங்கலாம். இந்த வரிசையில் செய்தால், எந்தப் பக்கமும் லிங்க் இல்லாமல் தனியாகத் தொலைந்து போகாது.

சித்தப்பா கடையில் மோட்டாருக்கு ஒரு பக்கம் என வைத்தோம். முன்பு இருந்த நீண்ட டேபிளில், ஒரு வரியைச் சேர்க்கப் போனவரின் கைக்கு எல்லா வரிகளும் எட்டும். இப்போது ஒரு மோட்டாரைத் திருத்துபவர் இன்னொன்றைத் தொடவே முடியாது. விக்கியில் பக்கங்களைச் சிறிதாக வைத்திருங்கள்.

தமிழில் எழுதும்போது

பக்கத்தின் உள்ளே தமிழில் தாராளமாக எழுதலாம். ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் டைப் செய்தவற்றை அப்படியே ஒட்டினால், ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பின்னர் ஒட்டவும்.

இரண்டாவது, பக்கத்தின் பெயர். டோக்கு விக்கி பக்கத்தின் பெயரையே பைலின் பெயராக வைக்கிறது. தமிழ்ப் பெயரை அது மாறா நிலையில் விழுக்காட்டுக் குறிகள் கொண்ட சங்கேதமாக மாற்றி எழுதும். ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் ஒன்பது எழுத்துக்களாகிவிடும். "தமிழ்" என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள் உள்ளதால், பைலின் பெயரில் அது 45 எழுத்துக்களைப் பிடிக்கும். பைலின் பெயர் 255 எழுத்துக்களைத் தாண்ட முடியாது என்பதால், நீண்ட தமிழ்த் தலைப்பு இந்த எல்லையைத் தொட்டுவிடும். மேலும் பின்னாளில் போல்டரைத் திறந்து பார்த்தால், எந்த பைல் எதற்கு உரியது எனத் தெரியாது. எனவே பக்கத்தின் பெயரைச் சிறிய ஆங்கிலச் சொல்லாகவோ எண்ணாகவோ வைத்து, தலைப்பை மட்டும் தமிழில் எழுதவும். அட்மின் பிரிவின் கான்பிகரேஷன் செட்டிங்ஸில், முதல் தலைப்பையே பக்கத்தின் பெயராகக் காட்டும் வழி உள்ளது. அதில் "ஆல்வேஸ்" தேர்ந்தெடுத்தால், பட்டியல்களில் தமிழ்த் தலைப்பே தெரியும்.

மூன்றாவது, தேடல். தமிழில் சொல்லின் கடைசி மாறிக் கொண்டே இருக்கும். "மோட்டார்" என்று தேடினால் "மோட்டாரில்", "மோட்டாருக்கு" என்று எழுதிய இடங்கள் விட்டுப் போகலாம். கடைசி எழுத்தை விட்டு, "மோட்டா*" என நட்சத்திரம் போட்டுத் தேடவும்.

அடித்தது தெரியும் இடம்

இப்போது முக்கிய விஷயத்திற்கு வருவோம். பக்கத்தின் ஓரத்தில் "ஓல்ட் ரிவிஷன்ஸ்" என்ற பட்டன் உள்ளது. அதில் கிளிக் செய்தால், அந்தப் பக்கம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யாரால் மாற்றப்பட்டது என்ற பட்டியல் கிடைக்கும். ஏதேனும் இரண்டில் டிக் செய்து ஒப்பிடச் சொன்னால், பழையதும் புதியதும் அருகருகே தெரியும். மாறிய இடம் நிறமிட்டுக் காட்டப்படும்.

பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமா? தேவையான பழைய பதிப்பைத் திறந்து, பென்சிலைத் தட்டி, எதையும் மாற்றாமல் சேவ் செய்திடவும். நீங்கள் திறந்திருப்பது பழைய பதிப்பு என்று ஓர் எச்சரிக்கை வரும். சேவ் செய்தால், அதுவே புதிய பதிப்பாகிவிடும். இடையில் வந்த தவறான பதிப்பும் அழியாமல் பட்டியலில் இருக்கும். ஒரு பக்கத்தை முழுவதும் காலி செய்து சேவ் செய்தால் அந்தப் பக்கம் நீங்கிவிடும். அப்போதும் பழைய பதிப்புகள் இருக்கும்.

சேவ் பட்டனுக்கு அருகில் "எடிட் சம்மரி" என்ற சிறிய கட்டம் உண்டு. ஏன் மாற்றினீர்கள் என்று நான்கு சொற்களில் எழுதுங்கள். பலரும் இதனைக் காலியாக விடுவார்கள். நானும் முதலில் விட்டேன்.

பேக் அப் இல்லாமல் எதுவும் இல்லை

பழைய பதிப்புகள் இருக்கின்றனவே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அவையும் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் உள்ளன. டிஸ்க் கெட்டால் எல்லாம் போய்விடும். சித்தப்பாவின் நோட்டுக்குக் கூரை ஒழுகியது போல, கம்ப்யூட்டருக்கும் ஒரு நாள் வரும்.

கறுப்பு விண்டோவை மூடி சர்வரை நிறுத்திய பின்னர், விக்கி இருக்கும் முழு போல்டரையும் பென் டிரைவிற்குக் காப்பி செய்திடவும். அவ்வளவுதான். உள்ளே "டேட்டா" என்ற போல்டரில் நீங்கள் எழுதியவை உள்ளன. அதனுள் "பேஜஸ்" என்பதில் இன்றைய பக்கங்களும், "அட்டிக்" என்பதில் பழைய பதிப்புகளும், "மீடியா" என்பதில் படங்களும் இருக்கும். "கான்ப்" என்ற போல்டரில் யூசர் பெயர்களும் செட்டிங்குகளும் உள்ளன. இந்த இரண்டு போல்டர்களையும் எப்போதும் விட்டுவிடக் கூடாது.

பேக் அப் எடுத்தவுடன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பென் டிரைவில் உள்ள பேஜஸ் போல்டரைத் திறந்து, ஏதாவது ஒரு பைலை நோட்பேடில் திறக்கவும். நீங்கள் எழுதியது படிக்கும்படி தெரிகிறதா? தெரிந்தால், நாளை டோக்கு விக்கி என்ற புரோகிராமே இல்லாமல் போனாலும் உங்கள் எழுத்து உங்களிடம் இருக்கும்.

சில எச்சரிக்கைகள்

கூட்டல், கழித்தல் போட வேண்டிய கணக்குகளுக்கு விக்கி சரிப்படாது. அதற்கு எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபிஸ் கால்க் பயன்படுத்தவும். பாங்க் பாஸ்வேர்டுகளை விக்கியில் எழுத வேண்டாம். டெக்ஸ்ட் பைல் என்பதால், கம்ப்யூட்டரைத் திறக்கும் எவரும் படித்துவிடலாம். விக்கியின் பாஸ்வேர்ட் அதனைத் தடுக்காது. இங்கு சொன்ன தொகுப்பு உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டுமே. இதனை இன்டர்நெட்டில் திறந்துவிட வேண்டாம். பென் டிரைவில் வைத்து இயக்குபவர்கள், சர்வரை மூடிய பின்னரே டிரைவை எடுக்க வேண்டும்.

ஒரு கேஜ் கதை

விக்கி வைத்து நான்கு மாதம் கழித்து, சித்தப்பா போன் செய்தார். ஒரு மோட்டாரின் பக்கத்தில் கம்பி கேஜ் மாறியிருக்கிறது, வா என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுபடியும் சந்தேகமா என்று நினைத்துக் கொண்டு போனேன்.

ஓல்ட் ரிவிஷன்ஸ் திறந்தோம். இரண்டே வரிகள். கீழே இருந்த முதல் பதிப்பில் கேஜ் 22. எழுதியவர் பெயர் என்னுடையது. மை பரவிய நோட்டிலிருந்து டைப் செய்தபோது நான் தவறாகப் படித்திருக்கிறேன். மேலே இருந்த பதிப்பில் கேஜ் 21. மாற்றியவர், அன்று வேலையை விட்டுப் போகிறேன் என்று சொன்ன அதே பெரியவர். சம்மரி கட்டத்தில், "பிரித்த மோட்டாரில் அளந்து பார்த்து மாற்றியது" என்று எழுதியிருந்தார்.

சித்தப்பா அவரைப் பார்த்துச் சிரித்தார். பின்னர் என்னிடம், "ரெண்டு பசங்களையும் சந்தேகப்பட்டமே கண்ணு, டைப் அடிச்சவனை ஒரு வார்த்தை கேட்கலையே" என்றார். தவறு யாருடையது என்று தெரிந்தும் அன்று யாரும் கோபப்படவில்லை. அன்று மாலையே நான் டைப் செய்த எல்லாப் பக்கங்களையும் நோட்டுடன் மீண்டும் ஒப்பிட்டோம். இன்னும் மூன்று தவறுகள் கிடைத்தன. மூன்றும் என்னுடையவை.

நீங்களும் இந்த வாரம் ஒரு பக்கத்துடன் தொடங்கிப் பாருங்கள். காஸ் இணைப்பு எண், வண்டி சர்வீஸ் செய்த தேதி, அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் என எதுவாகவும் இருக்கலாம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் கொடுங்கள். மாற்றும்போது காரணம் எழுதுங்கள். வாரம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுங்கள். ஒரு மாதம் கழித்து, டெஸ்க்டாப்பில் "கடைசி 2" என்ற பைல் தேவைப்படுகிறதா என்று பாருங்கள்.